பனை, வாழை, கோரை வைத்தே நிலைத்திசுப் பாடம் நடத்த முடியுமா?

பொருநை டீச்சர் (ஸ்ரீவைகுண்டம் பக்கம்)

பதினொன்றாம் வகுப்புக்குத் தாவரவியல் எடுக்கிறேன். அடுத்த வாரம் நிலைத்திசுக்கள் பாடம், அதாவது பிரிவதை நிறுத்தி ஒரு வேலையில் நிலைத்துவிட்ட திசுக்கள். எளிய திசு மூன்று: பாரன்கைமா, கோலன்கைமா, ஸ்கிளிரன்கைமா. கூட்டுத்திசு இரண்டு: தண்ணீர் கடத்துகிற சைலம், சர்க்கரை கடத்துகிற ஃபுளோயம். பிள்ளைகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதைச் சொல்லிவிடுவார்கள். பள்ளிக்கூடத்து மதில் ஓரம் நிற்கிற பனையில் இவை எங்கெங்கே இருக்கின்றன என்று கேட்டால்தான் வகுப்பு அமைதியாகிவிடும்.

கல் செல்லுக்கு (சுவர் கல் போலத் தடித்த ஸ்கிளிரன்கைமா செல்) உதாரணமாகப் பேரிக்காயைச் சொல்லிக் கொடுக்கிறோம். என் வகுப்பில் பாதிப் பேர் பேரிக்காயைக் கடித்தே பார்த்ததில்லை. ஆனால் நார் கிழிக்கிற வீட்டிலிருந்தும் பாய் முடைகிற வீட்டிலிருந்தும் வாழைத்தோட்டத்திலிருந்தும் வருகிற பிள்ளைகள் இவர்கள். திசுக்களைக் கையால் தொட்டுப் பிரித்துப் பழகியவர்கள். அதனால் கேட்கிறேன்: தாமிரபரணிக் கரையிலும் தேரிக்காட்டிலும் கரிசலிலும் கிடைக்கிற பொருளை மட்டும் வைத்து இந்தப் பாடம் முழுவதையும் நடத்த முடியுமா? உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள். சும்மா பெயர் மட்டும் வேண்டாம், எதை எப்படி வெட்டினால் எது தெரியும் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

பனங்காட்டுக்காரன் (திசையன்விளை)

பனை ஒன்றே போதும் டீச்சர். எங்கள் தாத்தா காலம் வரைக்கும் பனையேற்றுதான் தொழில். மட்டையைக் கீறி நார் கிழிப்போம், கட்டிலுக்கும் பெட்டிக்கும் அதுதான். மட்டை மரத்தோடு ஒட்டுகிற அடிப்பகுதியைத் தட்டித் தும்பு எடுப்பார்கள், பிரஷ்ஷுக்குப் போகும். மரத்தை அறுத்தால் வெளிச்சுற்று கருப்பாக இரும்பு மாதிரி இருக்கும், நடுவில் சோறு. பாளையைச் சீவினால் பதநீர். இதில் எது எந்தத் திசு என்று படித்தவர்கள் சொல்லுங்கள்.

நுண்ணோக்கி (பாளையங்கோட்டை)

அண்ணாச்சி சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்கிறேன்.

நடுவில் இருக்கிற சோறு பெரும்பாலும் பாரன்கைமா. செல்சுவர் மெல்லியது, செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே இடைவெளி உண்டு, உயிருள்ளது. அதற்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஓடுகிற இழைகள் வாஸ்குலார் கற்றைகள், அதாவது சைலமும் ஃபுளோயமும் சேர்ந்த கட்டுகள். ஒருவித்திலைத் தாவரம் என்பதால் கற்றைகள் வட்டமாக அடுக்கப்படாமல் தண்டு முழுக்கச் சிதறிக் கிடக்கும். நடுவில் தள்ளித் தள்ளி இருக்கும், ஓரத்துக்கு வரவர நெருங்கும். ஒவ்வொரு கற்றைக்கும் ஃபுளோயம் இருக்கிற பக்கத்தில் ஒரு தடித்த நார்த்தொப்பி உண்டு. அது ஸ்கிளிரன்கைமா. ஓரக் கற்றைகளில் தொப்பி மிகப் பெரிது, அதனால்தான் வெளிச்சுற்று வைரமாக இருக்கிறது. அறுத்த பனையின் குறுக்குமுகத்தைப் பார்த்தால் கரும்புள்ளிகள் தெரியும் இல்லையா? ஒவ்வொரு புள்ளியும் ஒரு கற்றை. கையில் சிராய் ஏறினால் உள்ளே போயிருப்பது அந்த நார்த்தொப்பிதான்.

டீச்சர், மரவாடியிலிருந்து ஒரு பனந்துண்டு வாங்கி, முகத்தை இழைத்து, ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் பிள்ளைகளிடம் கொடுங்கள். கைலென்ஸ் போதும். ஓரத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவு வட்டம் போட்டுப் புள்ளியை எண்ணச் சொல்லுங்கள். நடுவிலும் அதே அளவு வட்டம் போட்டு எண்ணச் சொல்லுங்கள். வித்தியாசம் அவர்களே சொல்வார்கள்.

தச்சுப்பட்டறை (தென்காசி)

வேம்பு, தேக்கு, கருவேலம் எல்லாம் இதற்கு நேர் எதிர். அங்கே வைரம் உள்ளே, வெள்ளை வெளியே. வெள்ளையில்தான் பூச்சி விழும். பனங்கை போட்ட பழைய வீடுகளைப் பிரிக்கும்போது பார்த்திருக்கிறேன், உள்சோறு உளுத்துப் போயிருந்தாலும் வெளிவைரம் அசையாமல் நிற்கும். இரண்டுமே சைலம்தானா?

நுண்ணோக்கி

இல்லை அண்ணாச்சி. வேம்பிலும் தேக்கிலும் வைரம் என்பது முழுக்க முழுக்கச் சைலம். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே பிரிந்துகொண்டே இருக்கிற அடுக்கான கேம்பியம் ஆண்டுதோறும் உள்பக்கம் புதிய சைலத்தைச் சேர்த்துக்கொண்டே போகும். உள்ளே போன பழைய சைலம் தண்ணீர் கடத்துவதை நிறுத்திவிடும். அதிலிருக்கிற பாரன்கைமாவும் செத்து, டானின், பிசின் போன்றவை படிந்து நிறம் மாறிவிடும். அதுதான் வைரம். வெளியே இருக்கிற வெள்ளையில்தான் தண்ணீர் ஏறுகிறது. அங்கே உயிருள்ள பாரன்கைமாவும் மாவுச்சத்தும் இருப்பதால் பூச்சிக்கும் அது பிடிக்கும்.

பனைக்குக் கேம்பியமே கிடையாது. அதன் வைரம் நார்த்தொப்பிகளால் ஆனது, ஸ்கிளிரன்கைமா. இந்தப் பாகுபாட்டை நம் ஆட்கள் ரொம்ப முன்னாலேயே கவனித்திருக்கிறார்கள். தொல்காப்பிய மரபியல் வெளியே காழ்ப்பு (வைரம்) உள்ளதைப் புல் என்றும் உள்ளே காழ்ப்பு உள்ளதை மரம் என்றும் பிரிக்கிறது. பனையும் மூங்கிலும் புல் பக்கம் போகும். இன்றைய ஒருவித்திலை, இருவித்திலைப் பிரிவோடு இது பெருமளவு ஒத்துப்போகிறது. மெல்லிய சீவல் வெட்டுகிற மைக்ரோடோம் கருவி இல்லாத காலத்தில் வெட்டுமுகத்தைப் பார்த்தே சொன்னது. வகுப்பில் கட்டாயம் சொல்ல வேண்டிய செய்தி இது.

பிளஸ் ஒன் பயாலஜி

அக்கா, ஸ்கிளிரன்கைமா இறந்த செல் என்றுதான் எங்கள் கைடில் இருக்கிறது. அப்படியானால் பனையின் வெளிப்பக்கம் முழுக்க இறந்துவிட்டதா?

நுண்ணோக்கி

நல்ல கேள்வி. பரீட்சைக்கு "முதிர்ந்த நிலையில் பெரும்பாலும் இறந்த செல்கள்" என்று எழுது, அந்தப் "பெரும்பாலும்" முக்கியம். பனை வகை மரங்களில் நார் செல்கள் நெடுங்காலம் உயிரோடு இருந்து சுவரைத் தடித்துக்கொண்டே போகின்றன. அதனால்தான் கேம்பியம் இல்லாமலே, வயதாக ஆக அடிமரம் இன்னும் கெட்டியாகிறது. இளம் பனையையும் முதிர்ந்த பனையையும் அறுத்தவர்களுக்கு இது தெரியும்.

இன்னொன்று, எனக்கு இந்தப் பாடத்திலேயே ரொம்பப் பிடித்த செய்தி. வேம்பில் பழைய ஃபுளோயம் நசுங்கிப் பட்டையோடு போய்விடும், கேம்பியம் புதியது போட்டுக்கொடுக்கும். பனையில் அந்த வசதி இல்லை. தண்டின் அந்த இடத்தில் முதலில் உருவான சல்லடைக் குழாயே மரம் நிற்கிற காலம் வரைக்கும் சர்க்கரையைக் கடத்தியாக வேண்டும். சல்லடைக் குழாய் செல்லுக்கு உட்கரு கிடையாது. பக்கத்திலிருக்கிற துணைச்செல்தான் அதை நடத்துகிறது. உட்கரு இல்லாத ஒரு செல் பல பத்தாண்டுகள் வேலை செய்கிறது! பனைக் குடும்பத்தை ஆயுள் முழுக்க ஆராய்ந்த டாம்லின்சன் இதைத் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார். உங்கள் பள்ளிக்கூட மதில் ஓரப் பனையில் நம் தாத்தாக்கள் காலத்துச் சல்லடைக் குழாய் இன்றும் ஓடிக்கொண்டிருக்கலாம்.

பனங்காட்டுக்காரன்

அப்படியானால் பதநீர் ஃபுளோயம் சாறா?

நுண்ணோக்கி

ஆமாம் அண்ணாச்சி. இலையில் உண்டான சுக்ரோஸ் பாளைக்குப் போகிற வழியில் கலயத்தில் விழுகிறது. நூற்றுக்கு 10 முதல் 12 பங்கு வரை சர்க்கரை இருக்கும். இலைப் பக்கம் சர்க்கரை ஏறும்போது சைலத்திலிருந்து தண்ணீர் உள்ளே வந்து அழுத்தம் கூடுகிறது, பயன்படுத்துகிற இடத்தில் அழுத்தம் குறைவு, அந்த வித்தியாசத்தில் சாறு ஓடுகிறது. 1930இல் மியூன்க் சொன்ன விளக்கம் இதுதான். பாளையை எப்படிச் சீவுவார்கள் என்று கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள், அதில் பாடம் இருக்கிறது.

பனங்காட்டுக்காரன்

பாளை விரிவதற்கு முன்னால் கடிப்பு (இடுக்குகிற கருவி) வைத்து இடுக்கிக் கொடுக்க வேண்டும். அலகுப்பனைக்கு (ஆண்) ஒரு கடிப்பு, பருவப்பனைக்கு (பெண்) வேறு. சில நாள் இடுக்கிய பிறகு நுனியைப் பாளை அரிவாளால் சீவி, கலயத்தைக் கட்டிவிடுவார்கள். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவியிருக்கும், இல்லையென்றால் புளித்துக் கள்ளாகிவிடும். காலையும் மாலையும் ஏறி மெல்லிசாக ஒரு சீவு சீவியாக வேண்டும். ஒரு நாள் விட்டுவிட்டால் முகம் அடைத்துக்கொள்ளும், அப்புறம் ஒழுகாது. சீவல் தடிமனாகப் போனால் பாளை சீக்கிரம் தீர்ந்துவிடும். அந்தத் தடிமன் கைக்கணக்குதான், கண்ணாடித்தாள் மாதிரி விழ வேண்டும் என்பார் தாத்தா.

நுண்ணோக்கி

அந்த "முகம் அடைத்துக்கொள்ளும்" என்பதைத்தான் கேட்டேன். சல்லடைக் குழாய் வெட்டுப்பட்டால் சல்லடைத் தட்டின் துளைகளை ஃபுளோயம் புரதமும் காலோஸ் என்கிற மாச்சர்க்கரைப் பொருளும் வந்து மூடிவிடும். சர்க்கரை வீணாகாமல் இருக்கத் தாவரம் செய்துகொள்கிற ஏற்பாடு. பனையேறி அந்த மூடிய மெல்லிய அடுக்கை மட்டும் எடுத்துவிட்டுப் புதிய முகம் திறக்கிறார். காலோஸ் என்ற சொல்லைப் பிள்ளைகள் மறந்தாலும் இந்த வேலையை மறக்க மாட்டார்கள்.

ஏத்தன் தோட்டம் (களக்காடு)

வாழைக்கு வருவோம். வாழைத்தண்டு நறுக்கும்போது ஒவ்வொரு வட்டத்துக்கும் நூல் வரும், விரலில் சுற்றிச் சுற்றி எடுத்துப் போடுவார்கள். வாழை மட்டையிலிருந்து கிழிக்கிற நார் வேறு, பூக்கட்ட அதைத்தான் பயன்படுத்துகிறோம். இரண்டும் ஒரே திசுவா? தண்டில் வருகிற நூல் கிழித்தால் வருவதில்லை, இழுத்தால் நீண்டுகொண்டே வருகிறது.

பொருநை டீச்சர்

இதை நானும் கேட்க வேண்டும் என்றிருந்தேன். பிள்ளைகள் இரண்டையும் நார் என்றே சொல்கிறார்கள்.

நுண்ணோக்கி

இரண்டும் வேறு வேறு. மட்டை நார் வாஸ்குலார் கற்றையோடு ஒட்டியிருக்கிற ஸ்கிளிரன்கைமா நார்களின் கட்டு. தண்டு நூல் சைலம். இன்னும் சரியாகச் சொன்னால், சைலக்குழாய்ச் சுவரின் உள்பக்கம் இருக்கிற லிக்னின் (சுவரைக் கெட்டியாக்குகிற பொருள்) ஏறிய சுருள் தடிப்பு. குழாயின் மெல்லிய முதல்நிலைச் சுவர் அறுந்துபோக, உள்ளே சுற்றியிருந்த சுருள் மட்டும் பேனா ஸ்பிரிங் போல இழுபட்டு வெளியே வருகிறது. தாமரைத்தண்டை ஒடித்தால் வருகிற நூலும் இதேதான்.

ஏன் சுருள்? வாழைத்தண்டு என்று நாம் சமைப்பது பூந்தண்டு. கிழங்கிலிருந்து கிளம்பி, இலையுறைகளுக்கு நடுவே வேகமாக நீண்டு, உச்சிக்கு வந்து குலை தள்ளுகிறது. நீள்கிற உறுப்பில் முழுச் சுவரும் தடித்த குழாய் இருந்தால் நீட்சியைத் தாங்காது. சுருள் தடிப்பு என்றால் குழாய் நசுங்கவும் செய்யாது, நீளத்துக்கும் இடம் கொடுக்கும். இலைகள் நீராவியை விடும்போது சைலத்துக்குள் இருக்கிற தண்ணீர் மேலே இழுபடுகிறது. டிக்சனும் ஜாலியும் 1894இல் சொன்ன இழுவிசைக் கருத்து. அந்த இழுப்பில் மெல்லிய குழாய் உட்பக்கம் ஒடுங்கிவிடும். அதைத் தாங்கத்தான் லிக்னின்.

செய்முறை சுலபம். வட்டமாக நறுக்கிய வாழைத்தண்டை மெதுவாகப் பிரியுங்கள். இரண்டு வட்டத்துக்கும் நடுவே நூல் தொங்கும். அதைக் கண்ணாடிச் சில்லில் ஒட்டவைத்து, ஒரு சொட்டுத் தண்ணீர், மேலே மூடுசில்லு. சாஃப்ரனின் என்கிற சிவப்புச் சாயம் கிடைத்தால் ஒரு துளி. குறைந்த உருப்பெருக்கத்திலேயே தெரியும்: ஒரு நூல் என்று நினைத்தது பல இழைகள் பக்கம் பக்கமாக ஓடுகிற நாடா, அந்த நாடாவே சுருண்டு சுருண்டு போகும். இழுக்காத இடத்தில் நெருக்கமான சுருள், இழுத்த இடத்தில் அகன்ற அலை.

பொருநை டீச்சர்

இன்று சத்துணவுக்கூடத்து அக்காவிடம் தண்டு வாங்கிப் பார்த்தேன். நாடா நாடாவாகச் சுருண்டிருப்பது அப்படியே தெரிகிறது. சாஃப்ரனின் விட்டதும் சுருள் சிவப்பாகிவிட்டது, ஒட்டியிருந்த பாரன்கைமாத் துணுக்கு நிறமே ஏறவில்லை. படத்தில் இருக்கிற சுருள்தடிப்பு இவ்வளவு பக்கத்தில் கிடைக்கும் என்று என் வகுப்பில் யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள்.

ஏத்தன் தோட்டம்

எங்களுக்கு ஆனி, ஆடிக் காற்றுதான் பயம். ஏத்தன் வாழை குலை தள்ளிய பிறகு கம்பு ஊன்றாவிட்டால் சாய்ந்துவிடும். அதே காற்றில் வரப்பு ஓரத்துப் பனை நிற்கிறது. இப்போது புரிகிறது. வாழையின் வெளித்தண்டு வெறும் இலையுறைதானே?

நுண்ணோக்கி

அதேதான். ஒன்றன்மேல் ஒன்று சுற்றிய இலையுறைகள். ஒரு மட்டையைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள், அறை அறையாகக் காற்றுப்பை இருக்கும். ஏரன்கைமா, பாரன்கைமாவின் ஒரு வகை. எடையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். செல்கள் தண்ணீர் குடித்து விறைப்பாக இருக்கிற வரைதான் நிற்கும். பனைக்கு நார்த்தொப்பி இருக்கிறது, வாழைக்கு விறைப்பழுத்தம்தான் முதுகெலும்பு.

பாய்முடைவோர் (பத்தமடை)

கோரையைப் பற்றி யாரும் பேசவில்லையே. கோரைத் தட்டையை நெடுக்கே கிழித்து, உள்ளே இருக்கிற வெள்ளைப் பஞ்சை எடுத்துவிடுவோம். மேல்தோல் பக்கம் மட்டும்தான் நெசவுக்கு. மெல்லிய பாய்க்கு இன்னும் இன்னும் நுணுக்கமாகக் கிழிக்க வேண்டும். ஓடுகிற தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைத்த பிறகுதான் நெய்வது.

நுண்ணோக்கி

நீங்கள் எடுத்துப் போடுகிற அந்தப் பஞ்சு காற்றறைகள் நிறைந்த பாரன்கைமா. கோரை நிற்பது ஈரநிலத்தில், வேருக்கு ஆக்ஸிஜன் போக இந்த வழி வேண்டும். நீங்கள் வைத்துக்கொள்கிற மேல்பக்கத்தில் தோலுக்கு ஒட்டினாற்போல் நார்க்கற்றைகள் வரிசையாக ஓடுகின்றன. கத்தியால் பாரன்கைமாவையும் ஸ்கிளிரன்கைமாவையும் பிரிக்கிற வேலைதான் பத்தமடையில் தினமும் நடக்கிறது. டீச்சர், உலர்ந்த கோரையை விடப் பச்சைக் கோரையைப் பிளேடால் மெல்லிசாக வெட்டி வையுங்கள், அறைகள் அழகாகத் தெரியும்.

கரிசல் (கோவில்பட்டி)

பருத்தியும் ஸ்கிளிரன்கைமாவா? எங்கள் பக்கம் அதுதானே நார்.

நுண்ணோக்கி

இல்லை. பருத்தி இழை ஒவ்வொன்றும் விதையின் புறத்தோல் செல் ஒன்று நீண்டு வளர்ந்தது. ஏறக்குறைய முழுக்கச் செல்லுலோஸ், லிக்னின் கிட்டத்தட்ட இல்லை. அதனால்தான் மெத்தென்று இருக்கிறது. தென்னை நாரில் லிக்னின் அதிகம், சொரசொரப்பும் அதிகம். சணப்பு, புளிச்சை இரண்டும் ஃபுளோயத்தை ஒட்டிய நார்கள். சாஃப்ரனின் போட்டால் பருத்தி நிறம் பிடிக்கிற விதமும் தென்னை நார் நிறம் பிடிக்கிற விதமும் வேறாக இருக்கும்.

கல் செல்லுக்குக் கொய்யாப்பழம். விதைக்குப் பக்கத்தில் நறநறவென்று கடிபடுவதை ஊசியால் எடுத்து நசுக்கிப் பாருங்கள். தேங்காய்ச் சிரட்டையும் கல் செல்தான், ஆனால் அதை வெட்டி ஸ்லைடு போட முடியாது. கொய்யாதான் சௌகரியம்.

பிளஸ் ஒன் பயாலஜி

கோலன்கைமா மட்டும் இன்னும் வரவில்லை அக்கா. பனையில் எங்கே இருக்கும்?

நுண்ணோக்கி

பனையில் தேடாதே. ஒருவித்திலைத் தாவரங்களில் பொதுவாகக் கோலன்கைமா கிடையாது. அதனால் டீச்சர் கேட்டதற்கு இங்கேதான் பனை கைகொடுக்காது. தும்பைச்செடி எடுத்துக்கொள். தண்டு சதுரமாக இருக்கும், நான்கு மூலையிலும் கோலன்கைமா. சுவர் மூலைகளில் மட்டும் தடித்திருக்கும், அந்தத் தடிப்பு செல்லுலோஸும் பெக்டினும், லிக்னின் இல்லை. செல் உயிரோடு இருக்கும், தண்டோடு சேர்ந்து நீளும். வளைந்து கொடுக்கும், ஒடியாது. காற்றில் ஆடி வளர்கிற இளந்தண்டில் இந்தத் தடிப்பு கூடுதலாக இருக்கும். காற்றாலை சுற்றுகிற பக்கத்துச் செடி ஒன்றையும் வீட்டுச் சுவரோரத்துச் செடி ஒன்றையும் வெட்டி ஒப்பிட்டுப் பார்க்கலாம். நல்ல புராஜெக்ட் ஆகும்.

ஒரே தண்டில் எல்லாம் வேண்டுமென்றால் பூசணிக்கொடி. தண்டு மேடும் பள்ளமுமாக இருக்கும்: மேட்டுப் பக்கம் தோலுக்கு அடியில் கோலன்கைமா, பள்ளத்துப் பக்கம் பச்சையம் உள்ள குளோரன்கைமா, கொஞ்சம் உள்ளே ஸ்கிளிரன்கைமா வளையம், அதற்குள் பாரன்கைமாவில் பதிந்த கற்றைகள். சைலக்குழாய் கண்ணுக்கே துளையாகத் தெரியும். சல்லடைத் தட்டும் பெரிது.

தச்சுப்பட்டறை

இன்னொரு சந்தேகம். நிலைத்திசு என்றால் இனி பிரியாது, மாறாது என்கிறீர்கள். மச்சினன் கொய்யாவுக்கு விண்பதியன் போடுகிறான். கிளையில் பட்டையை வளையமாக எடுத்துவிட்டுக் களிமண்ணும் தேங்காய்ப்பஞ்சும் கட்டினால், வளையத்துக்கு மேலே வேர் வருகிறதே. பிரிந்து புதிய செல் உண்டாக்குகிற ஆக்குத்திசு அங்கே எங்கிருந்து வந்தது?

நுண்ணோக்கி

அண்ணாச்சி, இந்த உரையாடலிலேயே கனமான கேள்வி இதுதான்.

பட்டையோடு ஃபுளோயம் போய்விட்டது. இலையிலிருந்து இறங்குகிற சர்க்கரையும் ஆக்ஸின் என்கிற வளர்ச்சி ஹார்மோனும் வளையத்துக்கு மேலே தேங்குகின்றன. உள்ளே மரக்கட்டை, அதாவது சைலம், அப்படியே இருப்பதால் தண்ணீர் தொடர்ந்து ஏறுகிறது, இலை வாடுவதில்லை. மால்பீகி 17ஆம் நூற்றாண்டிலேயே பட்டையை வளையமாக எடுத்து, மேல்பக்கம் வீங்குவதைக் கவனித்தார். அந்தத் தேக்கத்தில், வெட்டு விளிம்பில் இருக்கிற கேம்பியமும் அதை ஒட்டிய உயிருள்ள பாரன்கைமாவும் மறுபடி பிரியத் தொடங்குகின்றன. காலஸ் என்கிற செல் திரள் உண்டாகி, அதிலிருந்தும் ஃபுளோயம் பக்கமிருந்தும் வேர் கிளம்புகிறது.

ஆக, "நிலைத்த" என்பது எல்லாத் திசுவுக்கும் ஒரே அளவு இல்லை. பாரன்கைமாவும் கோலன்கைமாவும் உயிரும் உட்கருவும் உள்ளவை, தேவைப்பட்டால் மறுபடி ஆக்குத்திசுவாக மாறும். 1958இல் ஸ்டூவர்ட் கேரட் வேரின் ஃபுளோயம் பகுதித் துண்டிலிருந்து முழுச் செடியையே வளர்த்தார். சைலக்குழாய், இறந்த நார், கல் செல் ஆகியவற்றுக்கு அந்த வழி அடைபட்டது. சல்லடைக் குழாய் உயிரோடு இருந்தும் உட்கரு இல்லாததால் திரும்ப முடியாது. பாடத்தில் இந்தப் பகுதியை ஒரே வரியில் தாண்டிவிடுகிறார்கள், எனக்கு அதில் வருத்தம் உண்டு.

ஏத்தன் தோட்டம்

நாங்கள் வாங்குகிற திசு வளர்ப்பு வாழைக்கன்றும் இப்படித்தானா?

நுண்ணோக்கி

அது பெரும்பாலும் கிழங்குக் கன்றின் நுனியிலிருந்து, அதாவது ஆக்குத்திசுவிலிருந்தே எடுப்பது. நிலைத்திசுவைத் திருப்பும் வேலை அதில் இல்லை.

பனங்காட்டுக்காரன்

பனங்கிழங்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள் டீச்சர். நடுவில் ஓடுகிற நாரைக் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் தின்கிறோம்.

பொருநை டீச்சர்

சேர்த்துவிட்டேன் அண்ணாச்சி. வேகவைக்காத கிழங்கை வெட்டி அயோடின் விட்டால் பாரன்கைமா கருநீலமாகும், நார் அப்படியே நிற்கும்.

செய்முறை வரிசை இப்படி வைத்திருக்கிறேன். முதலில் பனந்துண்டு, கைலென்ஸோடு. அப்புறம் பனங்கிழங்கும் அயோடினும். பச்சைக் கோரை. கொய்யாவில் கல் செல். தும்பைத் தண்டு. பூசணியைக் கடைசியில் வைக்கிறேன், எல்லாவற்றையும் தனித்தனியே பார்த்த பிறகு ஒரே வெட்டில் அவர்களே கண்டுபிடிக்கட்டும். வாழைத்தண்டு நூலுக்குத் தனியாக ஒரு பீரியட் வேண்டும். பதநீர் இப்போது பருவம் இல்லை, அதை அண்ணாச்சி எழுதியபடியே வாசித்துக் காட்டுகிறேன். பிளேடு புதியதாக இருக்கட்டும் என்று ஆய்வக உதவியாளரிடம் சொல்லியாகிவிட்டது.

நுண்ணோக்கி

பூசணிக்கு முற்றிய கொடி வேண்டாம், நுனியிலிருந்து நான்கைந்து கணு தள்ளி வெட்டுங்கள். வெட்டியதும் உடனே தண்ணீரில் போடச் சொல்லுங்கள், இல்லையென்றால் சீவல் சுருண்டுவிடும். சாஃப்ரனின் ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். கூடிப்போனால் எல்லாமே சிவப்பாகி கோலன்கைமாவும் ஸ்கிளிரன்கைமாவும் ஒன்றுபோலத் தெரியும்.